நான் சொன்ன தேங்காய் எண்ணெய்

போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்கப் பதுளை டவுனுக்குப் போயிருந்தேன். பாமசியில் நல்ல கூட்டம். என் முறை வரும்வரை அலமாரியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். பற்பசைக்கும் குழந்தைப் பவுடருக்கும் நடுவில் சின்னச் சின்னக் குழாய்கள் நாலைந்து நிறத்தில் அடுக்கியிருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். புருஷன் பெண்சாதி சேரும்போது உலர்ந்துபோய் வலிக்காமல் இருப்பதற்காகத் தடவிக்கொள்ளும் ஜெல். ஒளிவு மறைவு இல்லாமல், சோப்பு மாதிரி வெளியில் வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

கவுன்டரில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, அது வந்து... அது வேற சாமான்."

"தெரியும் மகள். தண்ணியில செஞ்சதா எண்ணெய்ல செஞ்சதான்னு பாக்குறேன்."

"ஒங்களுக்காம்மா?"

"ஏன், எனக்கா இருக்கக் கூடாதா?"

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் வசந்தியின் ஞாபகம் வந்தது. இந்தக் குழாய் அலமாரிக்கு வருவதற்கு முன்னால் அதைத் தேடி நான் அலைந்திருக்கிறேன். அதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. என் கெட்டித்தனத்தைச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் வாய்க்கொழுப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்தேன். தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு நான் மிட்வைப் அம்மா. பயிற்சிக் காலத்தில் பிரசவம், தடுப்பூசி, தாய்ப்பால், குடும்பத் திட்டம் எல்லாம் கரைத்துக் குடித்தோம். ஒரு பெண்ணுக்குப் புருஷனோடு இருக்கும்போது வலித்தால் என்ன செய்வது என்று நாங்கள் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தோடேயே வெள்ளைச் சீருடையும் குடையும் பையுமாக, அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் நடுவில் இருந்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வசந்தி அங்கே கொழுந்து எடுப்பவள். முப்பது வயது, மூன்று பிள்ளைகள். புருஷன் கணேசன் வெலிமடையில் மரக்கறி லொறிக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றி இறக்கும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவான். குடிக்காத மனிதன். பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டுதான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைவான். அந்த லயத்தில் அப்படி இரண்டு பேரைக் காட்டுவது கஷ்டம்.

கடைக்குட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது நிறை பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டு வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அவரு வர்ற நாள்ல... உள்ள காஞ்சுபோயி எரியுதும்மா."

எனக்கு அன்று இன்னும் பதினொரு வீடு பாக்கி. மழையும் இறங்கிக்கொண்டிருந்தது. கார்டில் எழுதியபடி, தலையைக்கூடத் தூக்காமல், "கொஞ்சம் தேங்கா எண்ணெய் தடவிக்க, சரியாப் போயிரும்" என்றேன். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்தானே எல்லாவற்றுக்கும் மருந்து. தலைக்கு அது, பிள்ளை உடம்புக்கு அது, வெடித்த குதிகாலுக்கு அது, தேயிலைச் செடி கீறிய கைக்கும் அது. சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவளுக்குக் குடும்பத் திட்ட ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. உதிரம் விட்டுவிட்டுப் போனது. கருப்பைக்குள் வைக்கும் லூப் என்றால் பயம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை கொண்டம் பாவிக்கலாம் என்று முடிவு செய்து, இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினேன். திகதியைப் பார்க்க வேண்டும், பல்லால் கிழிக்கக் கூடாது, நுனியைக் கிள்ளிக் காற்றை எடுக்க வேண்டும், முடிந்ததும் அடியைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். என் குடைக் காம்பில் மாட்டியே காட்டினேன். வசந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கணேசன் பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி கவனமாகப் பார்த்தான்.

அடுத்த மாதம் வந்து, கிழிந்துவிட்டது என்றாள். மூன்று நாளுக்குள் சொன்னதால் அவசர மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதற்கடுத்த மாதமும் கிழிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரகலைச் சந்தியில் லொறிக்குக் காத்துக்கொண்டு டீக்கடை முன்னால் நின்ற கணேசனைத் தனியாகக் கூப்பிட்டேன். தனியாகத்தான் கூப்பிட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். டீக்கடையில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏந்தம்பி, லீக்ஸ் கட்டு தூக்குற மாதிரியா அதப் புடிக்கிற? நகத்த வெட்டு. அப்பிடி என்ன அவசரம்?"

"நீங்க சொன்ன மாதிரியேதாங்கம்மா செய்றேன்."

"செஞ்சா ஏன் கிழியுது?"

அவன் லொறி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தான். ஏன் கிழிகிறது என்று எனக்கும் தெரியாதுதான். ஆனால் நான் சீருடை போட்டிருந்தேனே. அடுத்த வாரம் அவனைப் பார்த்தபோது நகங்களைச் சதை தெரிய ஒட்ட வெட்டியிருந்தான். அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நம் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது, ஒரு மத்தியானம் வசந்தி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள்.

"அம்மா, பால மறக்கடிக்க என்ன செய்யலாம்?"

"எதுக்கு மறக்கடிக்கணும்? நல்லாத்தானே குடிக்கிறான்."

"குவைத்துக்குப் போறேம்மா. பாஸ்போட் வந்திருச்சு. வார வெள்ளிக்கெழம ஏஜென்சி வேன் வரும். புள்ளைங்கள நாத்தனா பாத்துக்குவா."

சம்பளம் போதவில்லை, கூரை ஒழுகுகிறது என்று ஆரம்பித்தாள். எல்லோரும் சொல்லும் காரணம்தான். நானும் தலையாட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். திடீரென்று கண் கலங்கிவிட்டது.

"அவரு வர்ற நாளு வந்தாலே பயமா இருக்கும்மா. ஒன்னு எரியும். எரியாம இருக்க எண்ணெய் போட்டா அது கிழிஞ்சிரும். கிழிஞ்சா மாசம் பூரா நாள எண்ணிக்கிட்டு இருக்கணும். வேணாம்னு சொன்னா, யாரையாச்சும் மனசுல வச்சிருக்கியான்னு கேக்குறாரு. அங்க போனா ரெண்டு வருஷம் நிம்மதியாத் தூங்குவேம்மா."

ஒரு தாய், பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுக் கடல் கடந்து போய்த் தூங்கப் பார்க்கிறாள். அப்போதும் பாருங்கள், எண்ணெய் போட்டால் கிழிகிறது என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், என் காதில் அது ஏறவில்லை. கணேசன் சந்தேகப்படுகிறான் என்பதுதான் ஏறியது. அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே மறுநாள் காலையில் சுகாதார வைத்திய அதிகாரி ஒஃபிஸுக்குப் போனேன்.

எங்கள் டொக்டர் மிஸ் மஹியங்கனைப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழை கிளினிக்குக்கு வரும் தாய்மாரிடமே கற்றுக்கொண்டவர். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். யாராவது தப்புச் செய்துவிட்டு வந்தால் யார் செய்தது என்று முதலில் கேட்கவே மாட்டார். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது என்றுதான் கேட்பார். கேட்கும்போது நம் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருக்கும் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் வெட்கப்பட நேரமே இருக்காது.

நான் போனவுடன், "மிஸ், இந்த முறை வந்த கொண்டம் சரியில்ல, ஒரே கிழியுது" என்று முறைப்பாட்டை வைத்தேன்.

"மற்ற குடும்பங்களுக்கும் கிழியுதா?"

"இல்ல மிஸ்."

"திகதி?"

"ரெண்டு வருஷம் இருக்கு."

"வீட்டில எங்க வைக்கிறாங்க? அடுப்புக்கு மேலயா?"

"இல்ல மிஸ், பெட்டிக்குள்ள, சீலைக்கு அடியில."

"சரி. அவங்க என்ன தடவுறாங்க?"

"தேங்கா எண்ணெய் மிஸ்."

"யார் சொன்னது?"

"நான்தான்" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டொக்டர் மிஸ் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். அலமாரியிலிருந்து இரண்டு கொண்டம் எடுத்து, இரண்டையும் பலூன் மாதிரி ஊதி முடிச்சுப் போட்டார். ஒஃபிஸில் வேலை பார்த்த குசுமாவின் கைப்பையில் எப்போதும் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தல் இருக்கும். அதை வாங்கி ஒன்றின் மேல் நாலு சொட்டு விட்டு, விரலால் மெதுவாகத் தேய்த்தார். மற்றதன் மேல் குழாய்த் தண்ணீரைத் தடவினார். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குடைக் காம்பு ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு நிமிஷம் போயிருக்கும். எண்ணெய் தடவியது படார் என்று வெடித்தது. வெளியில் நின்ற டிரைவர், டயர் போய்விட்டது என்று ஜீப்பைச் சுற்றி ஓடினார். குசுமா எண்ணெய்ப் போத்தலை அவசரமாகப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள். தண்ணீர் தடவியது அப்படியே மேசையில் ஆடிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் இந்த ரப்பரைத் தின்னும்" என்றார் டொக்டர் மிஸ். "தேங்காய் எண்ணெய், பேபி ஒயில், பெட்ரோலியம் ஜெல்லி, எல்லாம் அப்படித்தான்." கொண்டம் பெட்டியை எடுத்து என் பக்கம் திருப்பினார். எண்ணெய் பாவிக்கக் கூடாது என்று அதிலேயே மூன்று மொழியிலும் போட்டிருந்தது. எத்தனை ஆயிரம் பெட்டிகளை அந்த மலையெல்லாம் சுமந்திருப்பேன். ஒரு நாள் உட்கார்ந்து வாசித்ததில்லை.

அவளுக்குச் சொன்ன இரண்டு புத்தியையும் நான்தான் சொன்னேன். தனித்தனியாக இரண்டும் நல்ல புத்தி. சேர்ந்தால் ஒரு குடும்பத்தையே கிழிக்கும் என்று யோசிக்கவில்லை. பாவம் கணேசன், நகத்தை வெட்டிக்கொண்டு திரிகிறான். வெள்ளிக்கிழமை வேன் வருவதையும் சொல்லி அழுதுவிட்டேன்.

டொக்டர் மிஸ் அழ விட்டார். பிறகு கேட்டார். "வெள்ளி எண்டால் இன்னும் எத்தனை நாள்?"

"மூணு நாள் மிஸ்."

"போதும். நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. தொற்று இருக்கா பாப்போம். கர்ப்பமா எண்டும் பாப்போம். பால் கொடுக்கிற காலத்தில உடம்பு உலர்ந்து போறது சாதாரணம். அது அவங்க பிழையும் இல்ல, கணவன் மேல ஆசை இல்லாததும் இல்ல. இதை ரெண்டு பேருக்கும் சொல்லணும்."

குசுமா உதவி செய்ய நினைத்து, வயிற்றில் பிள்ளையின் இதயத் துடிப்புக் கேட்கத் தடவும் ஜெல் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள். டொக்டர் மிஸ் வேண்டாம் என்றார். அது வெளித் தோலுக்கு மட்டும் செய்தது. உள்ளே தடவ, அதற்கென்றே தண்ணீரில் செய்த ஜெல் வேண்டும். பழைய கிளினிக் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் செய்தது என்றும் கொண்டத்தோடு பாவிக்கலாம் என்றும் போட்டிருக்க வேண்டும். வாசனை, நிறம், சுவை வேண்டாம். சூடு தரும், குளிர்ச்சி தரும் என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். அடிக்கடி வெள்ளைபட்டு அரிக்கும் பெண்ணாக இருந்தால் கிளிசரின் சேராததாகப் பார்க்க வேண்டும். சீல் உடையாமல், திகதி முடியாமல் இருக்க வேண்டும்.

அந்தக் கார்டோடு மத்தியான பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பாமசி முதலாளி, நாங்கள் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்று கூப்பிடும் தாடிக்காரர், என்னை நன்றாகத் தெரிந்தவர். கூட்டம் கலையட்டும் என்று இருமல் மருந்துப் போத்தல்களையெல்லாம் எண்ணி முடித்தேன். கடைசியில் கார்டை நீட்டினேன். அவர் வாசித்தார். சிரிக்கவில்லை. பிளாஸ்டர் வைக்கும் லாச்சியை இழுத்து, அடியிலிருந்து மூன்றை எடுத்துவைத்தார்.

ஒன்று பெட்ரோலியம் ஜெல்லி. அதைத் தள்ளினேன். இரண்டாவது குழாயில் நெருப்புப் படமும் ஸ்ட்ரோபரிப் பழமும் இருந்தன.

"இது இளசுங்க கேட்டு வாங்குது" என்றார் நானா.

"எரியுதுன்னு அழுவுற பொம்பளைக்கு நெருப்புப் படம் போட்டதையா குடுக்குறது?"

மூன்றாவது வெள்ளைக் குழாய். படம் இல்லை, வாசனை இல்லை. கார்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நானா அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி, "கேக்க ஆள் இருந்தாத்தானே நானும் வாங்கி வைக்கலாம். இனி வைக்கிறேன்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

புதன்கிழமை வசந்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். தொற்று இல்லை. கர்ப்பமும் இல்லை. அதைக் கேட்டதும் அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை கணேசனும் வந்திருந்தான். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு லயத்து வீட்டுக் காம்பராவில் இரண்டு பேர் முன்னாலும் உட்கார்ந்தேன்.

"தம்பி, கிழிஞ்சது ஒன்னால இல்ல. என்னால. எண்ணெய் போடச் சொன்னதும் நான், கொண்டம் குடுத்ததும் நான். ரெண்டும் ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சந்தியில வச்சு நாலு பேரு கேக்க ஒன்னத் திட்டுனேன். என்ன மன்னிச்சிரு."

முப்பத்திரண்டு வருஷத்தில் நான் புத்தி சொன்ன ஆள்களுக்குக் கணக்கில்லை. மன்னிப்புக் கேட்டது அது ஒரு தடவைதான். கணேசன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் கை முரட்டுக் கைன்னு நெனச்சு, புள்ளையத் தூக்கவே பயந்துக்கிட்டு இருந்தேங்கம்மா" என்றான். அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

பிறகு விஷயத்துக்கு வந்தேன். பால் கொடுக்கும் உடம்பு ஏன் உலர்கிறது என்று சொன்னேன். முதலில் ஒரு சொட்டை முழங்கை மடிப்பில் தடவி, அரிக்கிறதா என்று ஒரு நாள் பார்க்க வேண்டும். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். காய்ந்துபோனால் இன்னும் கொஞ்சம் போடலாம், இல்லாவிட்டால் இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும். இது கர்ப்பத்தைத் தடுக்காது, அதற்குக் கொண்டம் வேண்டும். எரிந்தால் கழுவிவிட்டு என்னிடம் வர வேண்டும். இது போட்டும் வலித்தால் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது, டொக்டர் மிஸ்ஸிடம் வர வேண்டும்.

"ஜெல் இருக்குன்னு அவசரப்படாத தம்பி. மொதல்ல பேசு, சிரி. கடைசி பஸ்ஸையா புடிக்கப் போற?" என்றேன். வசந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

குவைத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. போவதும் இருப்பதும் அவள் முடிவு. கூரை ஒழுகுவதும் பொய் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அந்த லயத்துப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே நின்றேன். ரோட்டில் ஏதாவது வேன் ஏறும் சத்தம் கேட்டால் மனம் திக்கென்றது. யாரிடமும் விசாரிக்கவும் இல்லை.

அடுத்த தடவை நிறை பார்ப்பது, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. முப்பது பெண்கள் வரிசையில். நான் தராசில் ஒரு பிள்ளையைப் போட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் வசந்தியின் குரல் கேட்டது. இடுப்பில் கடைக்குட்டி. பிள்ளை மார்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"வேன் வந்துச்சும்மா. இப்ப வரலன்னு திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள். எனக்குத் தராசு முள் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அவள் அதோடு நிறுத்தவில்லை. கொழுந்து மலையில் பேசிப் பழகிய குரல், முப்பது பேருக்கும் நன்றாகவே கேட்டது.

"அந்த ஜெல்லு முடிஞ்சு போச்சும்மா. இன்னொன்னு வேணும்."

முப்பது தலையும் ஒரே தரத்தில் திரும்பின. அழுத பிள்ளைகூட நிறுத்திவிட்டது போல இருந்தது. வசந்திக்கு அப்போதுதான் உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த பிள்ளையைத் தராசில் போட்டேன்.

நிறை பார்த்து முடித்தவர்கள் வழக்கமாகக் கார்டை வாங்கிக்கொண்டு ஓட்டமாக மலைக்குப் போய்விடுவார்கள். அன்று ஒருத்தியும் போகவில்லை. சுவரோரமாகப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசிப் பிள்ளையையும் இறக்கினேன். அப்போது அங்கே ஆயா வேலை பார்த்த ராமாயி, ஐம்பத்தைந்து வயது, எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். வந்து எனக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு மொதல்ல சொல்லுங்கம்மா. மாசம் நின்னதுலேருந்து, விரதம் விரதம்னு சொல்லியே நாலு வருஷமா அந்த மனுசன ஏமாத்திக்கிட்டு இருக்கேன். கும்புட இனி சாமியும் மிச்சமில்ல."